கொடையும் உரிமையும்

தண்டலத்தில் நெடுஞ்சாலையோரம் விடியற்காலையில் நிற்பவர்களுக்கு ஒரு காட்சி பழகிப்போயிருக்கும். முன்கண்ணாடியில் நிறுவனத்தின் பெயரட்டையைத் தாங்கிய பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். இரவு ஷிப்டு முடித்தவர்கள் கண்களைக் கசக்கிக்கொண்டு இறங்குவார்கள். காலை ஷிப்டுக்கு உரியவர்கள் ஏறுவார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை. பெரும்பாலும் முப்பது வயதைத் தாண்டாத முகங்கள். கிழக்கே செம்பரம்பாக்கம் ஏரி, மேற்கே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், அதற்கும் அப்பால் சுங்குவார்சத்திரம், தென்புறம் ஒரகடம். ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த இந்த ஊர்களுக்கு இன்று படியளப்பவை தொழிற்பேட்டைகளே.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது ஒரு தாய் நம்மை நிறுத்தினார். அவருடைய மகன் ஒரகடம் பக்கம் உதிரிப்பாகம் செய்யும் ஓர் ஆலையில் வேலை பார்க்கிறான். "ஐயா, பையன்கிட்ட சங்கத்துல சேரச் சொல்லி ஒரு பேப்பர் குடுத்திருக்காங்க. கையெழுத்து போடலாமா? வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதே?" என்றார். சற்றுத் தயங்கி இன்னொன்றும் கேட்டார்: "சங்கம்னா செங்கொடி, அவங்க சாமி கும்பிடாதவங்கன்னு சொல்றாங்க. கோயிலுக்கு வர்ற புள்ளை அதுல சேரலாமா?"

"பார்த்து நடந்துக்கச் சொல்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டு நாம் நடையைக் கட்டினோம். அது ஒரு பதிலே அன்று என்பது வீடு வந்து சேர்வதற்குள் தெரிந்துவிட்டது. அந்தத் தாய் கேட்டவை இரண்டும் நேர்மையான கேள்விகள். அவற்றுக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே தேடிப் பார்க்கிறோம்.

தேடலைத் தொடங்க வெகுதூரம் போகவேண்டியதில்லை. சுங்குவார்சத்திரத்தில் உள்ள சாம்சங் ஆலையில், 2024 செப்டம்பர் 9-ஆம் நாள், நிரந்தரத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 1,500 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். குளிர்பதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் சலவை எந்திரமும் செய்யும் ஆலை அது, 2007-இல் தொடங்கப்பட்டது. போராட்டம் 37 நாள்கள் நீடித்தது. ஊதிய உயர்வு கேட்டார்கள், வேலைநேரம் பற்றிக் கேட்டார்கள். ஆயினும் எல்லாவற்றுக்கும் முன்னதாக அவர்கள் கேட்டது, தாங்கள் அமைத்துக்கொண்ட சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கத்தை நிர்வாகம் ஏற்றுக்கொண்டு அதனோடு பேச வேண்டும் என்பதே. அச்சங்கம் சி.ஐ.டி.யு.வோடு இணைந்தது.

நிறுவனத்தின் பக்கத்தையும் நியாயமாகச் சொல்லவேண்டும். இந்த வட்டாரத்தில் இதையொத்த வேலைக்குப் பிற நிறுவனங்கள் கொடுக்கும் சராசரி ஊதியத்தைப் போல 1.8 மடங்கு தாங்கள் கொடுப்பதாக அது கூறியது. தொழிலாளர்களோடு நேரடியாகப் பேச எப்போதும் அணியமாக இருப்பதாகவும் கூறியது. வெறும் சொல்லோடு நிற்கவுமில்லை. அக்டோபர் 7-ஆம் நாள், அமைச்சர்கள் மூவர் முயற்சியெடுத்த பேச்சுவார்த்தையை ஒட்டி, சங்கத்தைச் சாராத பணியாளர் குழு ஒன்றோடு உடன்பாடு கையெழுத்தாயிற்று. அடுத்த மார்ச் வரை மாதந்தோறும் 5,000 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகை, குளிரூட்டப்பட்ட பேருந்துகள், பணிக்காலத்தில் இறக்கும் தொழிலாளியின் குடும்பத்துக்கு உடனடியாக ஒரு லட்சம் ரூபாய் என்று அதில் பல சலுகைகள் இருந்தன. மறுநாள் வேலைக்குத் திரும்பியிருந்தால் அவை கைக்கு வந்திருக்கும். வெளியே பந்தலில் இருந்தவர்கள் திரும்பவில்லை. ஓரிரு நாள்களில் அந்தப் பந்தலும் பிரிக்கப்பட்டது. சங்கத்தார் பலர் கைதாயினர்.

இந்த மறுப்புத்தான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. ஒரு மாதமாகச் சம்பளமில்லை. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் நிற்கின்றன. அந்த நிலையில், வருகிற பணத்தை ஒருவன் ஏன் வேண்டாமென்கிறான்? பேராசை என்பவர்கள் உண்டு. ஆனால் பேராசைக்காரன் வந்ததை வாங்கிக்கொண்டல்லவா மேலும் கேட்பான்! தூண்டிவிட்டார்கள் என்பவர்கள் உண்டு. ஆயிரத்து ஐந்நூறு பேரைத் தூண்டுதல் ஒன்றினால் மட்டும் ஒரு மாதம் பட்டினி போட முடியுமென்று நாம் நம்பவில்லை.

கொடுக்கப்பட்டது கொடை, அவர்கள் கேட்டது உரிமை. இரண்டிலும் கைக்கு வரும் ரூபாய் ஒன்றேயாக இருக்கலாம். ஆனால் கொடையில் அளவையும் காலத்தையும் கொடுப்பவர் தீர்மானிக்கிறார். மார்ச் வரை என்றால் மார்ச் வரைதான். பெற்றுக்கொள்பவர் செய்யக்கூடியது நன்றி சொல்வது ஒன்றே. உரிமையிலோ இருவர் ஒரு மேசையின் இருபுறமும் அமர்கிறார்கள். ஒருவர் கேட்கிறார், மற்றவர் பதில் சொல்லக் கடமைப்படுகிறார். பதில் 'இல்லை' என்பதாகவும் இருக்கலாம். அந்த 'இல்லை'யைக்கூடக் காரணத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது. நெல்லைக் கூலியாக அளந்த காலத்தில் மரக்கால் பண்ணையாரின் வீட்டில்தான் இருந்தது. அளக்கிறவர் நல்லவராயிருந்தால் நிறைய அளந்திருப்பார். ஆயினும் மரக்கால் சரியா என்று பார்க்கும் வழி கூலிக்காரனுக்கு இல்லை. தஞ்சைத் தரணியில் அப்படிப் பார்க்கத் துணிந்தவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. 1968 டிசம்பர் 25 இரவில், உலகமெங்கும் கிறிஸ்து பிறப்பு விழா நடந்துகொண்டிருந்தபோது, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்தன; பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல்லை உயர்த்திக் கேட்டது மட்டுமல்ல, தாங்கள் சேர்ந்த சங்கத்தை விட மறுத்ததும் அவர்கள் செய்த குற்றமாயிற்று. இன்றைய ஆலை நிர்வாகங்களை அந்தக் கொடுமையோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று, அது அநீதி. ஆனால் கூலியைவிடச் சங்கத்தின் பெயரில்தான் ஆளுவோர்க்கு அச்சம் மிகுகிறது என்பதை அன்றும் கண்டோம், இன்றும் காண்கிறோம்.

பெயர் என்றோம். சாம்சங் வழக்கில் பெயரே ஒரு வழக்காயிற்று. 'சாம்சங்' என்பது தங்கள் வணிகச் சின்னம். அதைச் சங்கத்தின் பெயரில் சேர்க்கலாகாது என்று நிறுவனம் எதிர்ப்புத் தெரிவித்தது. சங்கத்தின் பதிவு மாதக்கணக்கில் நின்றுபோனது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. முடிவில் 2025 ஜனவரி 27-ஆம் நாள் அந்தப் பெயரோடேயே பதிவு கிடைத்தது. சட்ட நுணுக்கங்களை வல்லுநர்க்கு விட்டுவிடுவோம். ஆனால் ஓர் எளிய செய்தி. அந்த ஆலையில் வேலை செய்யும் இளைஞனுக்குப் பெண் பார்க்கப் போகிறவர்கள் "பையன் சாம்சங்குல இருக்கான்" என்றுதான் சொல்கிறார்கள். அவன் சட்டையில் அந்தப் பெயர் இருக்கிறது, கழுத்தட்டையில் இருக்கிறது, ஒவ்வொரு பெட்டியிலும் அந்தப் பெயரை ஒட்டி அனுப்புபவனே அவன்தான். அவன் தனியாளாக அந்தப் பெயரைச் சுமக்கும்வரை யாருக்கும் தடையில்லை. தோழர்களோடு சேர்ந்து சுமக்கும்போதுதான் அது அடுத்தவர் உடைமையாகிவிடுகிறது.

அதே நிறுவனம் தன் தாயகமான கொரியாவிலும் பல்லாண்டுகள் சங்கமில்லாத நிர்வாகத்தைக் கொள்கையாகவே வைத்திருந்தது. 2020 மே மாதத்தில் அதன் தலைமையில் இருப்பவரே நாட்டு மக்கள் முன் தலைவணங்கி மன்னிப்புக் கேட்டு, இனி அந்தக் கொள்கை இல்லை என்று அறிவித்தார். கடல் கடந்து இங்கே வரும்போது அந்த மன்னிப்பு ஏன் கூடவரவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

"உள்ளே இருப்பவர்களோடு பேசுகிறோம்; வெளியாட்கள் எதற்கு?" என்பது இங்கே அடிக்கடி கேட்கும் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் தமிழ்நாட்டில் தொழிற்சங்கமே வெளியாட்களின் துணையோடுதான் பிறந்தது. 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னையில், பெரம்பூரின் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதற்கு வித்திட்ட செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் ஆலைத் தொழிலாளிகள் அல்லர். தலைவரான பி.பி. வாடியா ஒரு பார்சி. துணைநின்ற திரு.வி.க. ஆசிரியராயிருந்து பத்திரிகையாளரானவர். உள்ளேயிருப்பவன் வாய் திறந்தால் வேலை போகும். வெளியே இருப்பவர் திறந்தால் போவதற்கு வேலை இல்லை. அதனால்தான் வெளியாள் தேவைப்பட்டார். நிர்வாகத்தார் வாடியா மீதே வழக்குத் தொடுத்து உயர் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றார்கள். அவர் சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது. தொழிலாளியைத் திரட்டுவதே குற்றமாகக் கூடும் என்ற அந்த அதிர்ச்சிதான், 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வருவதற்கு ஒரு காரணமாயிற்று. நிர்வாகமும் வெளியிலிருந்து வழக்கறிஞரை, கணக்காய்வாளரை, மனிதவள ஆலோசகரை அழைத்துக்கொள்ளத்தான் செய்கிறது. அவர்களை யாரும் வெளியாட்கள் என்பதில்லை.

பேசுவதற்கென்று ஒருவர் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை இந்த நெடுஞ்சாலையே ஒருமுறை கண்டது. 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் உணவு நஞ்சாகிப் பலர் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். யாரும் இறக்கவில்லை. ஆனால் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி விடுதிக்கு விடுதி பரவிற்று. நிர்வாகம் சொன்னதை அந்தப் பெண்கள் நம்பவில்லை. நம்பத்தகுந்த வேறு குரலும் அவர்களுக்கு இல்லை. 17-ஆம் தேதி இரவு ஆயிரக்கணக்கில் வந்து சாலையில் அமர்ந்தார்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை மறுநாள் வரை முடங்கியது. பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள். பலர் தென்மாவட்டச் சிற்றூர்களிலிருந்து முதன்முறையாக வெளியே வந்தவர்கள். மார்கழிப் பனியில் நடுச்சாலையில் உட்காரும் அளவுக்கு அவர்களைத் தள்ளியது சோறு மட்டுமன்று. "என் தோழி உயிரோடு இருக்கிறாளா?" என்ற கேள்விக்கு நம்பக்கூடிய ஒரு பதில் கிடைக்காததும்தான். தொழிற்சங்கம் இருந்தால் ஆலையில் அமைதி கெடும் என்பவர்கள் அந்த இரவை நினைத்துப் பார்க்கலாம்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? சங்கம் அமைப்பது நம் அரசமைப்பின் 19-ஆம் பிரிவு தரும் அடிப்படை உரிமை. ஆனால் பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. சங்கம் அமைக்கும் உரிமைக்குள் பேச்சுவார்த்தை நடத்தும் உரிமையோ வேலைநிறுத்த உரிமையோ அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1961-இலேயே கூறிவிட்டது. மகாராட்டிரத்தில் 1971-இல் அங்கீகாரத்துக்கென்றே சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் அப்படி ஒன்று வரவேயில்லை. ஆகவே இங்கே சங்கம் வைத்துக்கொள்ளலாம், அதனோடு யாரும் பேசவேண்டியதில்லை என்ற விந்தையான நிலை நெடுங்காலம் நீடித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு இதை ஓரளவு மாற்றுகிறது: 51 விழுக்காட்டினரின் ஆதரவு பெற்ற சங்கத்தை நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு ஏற்றாக வேண்டும். அதே தொகுப்பு, எந்தத் தொழிலானாலும் 14 நாள் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் கூடாது என்கிறது. பாதிப்பேர் ஒரே நாளில் தற்செயல் விடுப்பெடுத்தால் அதையும் வேலைநிறுத்தம் என்கிறது. ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் எவ்வளவு எடுத்துக்கொண்டது என்பது போகப்போகத்தான் விளங்கும்.

அந்தத் தாயின் முதற்கேள்வியில் இருந்த அச்சம் உண்மையானது. அதை எளிதாகத் தள்ளிவிட நமக்கு மனமில்லை. 2018-இல் ஒரகடத்தில் யமகா ஆலையில் சங்கம் அமைத்ததை ஒட்டி இருவர் வேலையிழந்தனர். அவர்களுக்காக மற்றவர்கள் வாரக்கணக்கில் வெளியே நிற்க நேர்ந்தது. சாம்சங்கிலும் பதிவு கிடைத்த அடுத்த மாதமே சங்கத்தார் மூவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டு, மீண்டும் போராட்டம் மூண்டது. கையெழுத்துப் போட்டால் ஒன்றும் ஆகாது என்று அந்தத் தாயிடம் சொல்வது பொய். சங்கம் வந்தால் ஆலையே போய்விடும் என்று அவரைப் பயமுறுத்துவதும் பொய்தான். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா 2014 நவம்பரில் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றார்களே, அதற்குக் காரணம் வேலைநிறுத்தம் அன்று. வருமான வரித் தகராறும், நிறுவனம் கைமாறியபோது இந்த ஆலை மட்டும் விற்பனைக்கு வெளியே நின்றுபோனதும், கைப்பேசிச் சந்தையில் அதன் வீழ்ச்சியுமே.

சங்கங்களும் குற்றமற்றவை அல்ல. நிரந்தரத் தொழிலாளி தனக்காகப் போராடும்போது, அதே வரிசையில் அதே திருகை முடுக்கும் ஒப்பந்தத் தொழிலாளியும் பயிற்சியாளனும் பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஓரறையில் எட்டுப் பேராய்த் தங்கும் இளைஞர்களுக்கு எந்தச் சங்கத்தின் படிவமும் போய்ச் சேர்வதில்லை. உரிமை என்பது உள்ளே நுழைந்தவர்களுக்கு மட்டும் என்றால் அதுவும் ஒருவகைச் சலுகையாகத்தானே முடிகிறது? இதைச் சங்கத்தாரிடம் உரக்கக் கேட்கும் கடமை, அவர்களோடு நிற்பவர்களுக்கே அதிகம் உண்டு.

இரண்டாம் கேள்விக்கு வருவோம். திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-இல் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலை வெளியிட்டபோது, தொழிலாளர் ஒன்றுகூடிச் சங்கம் அமைப்பது இயற்கை தந்த உரிமை, அரசு அதை அளிப்பதுமில்லை, பறிக்கவும் இயலாது என்ற கருத்தை நிறுவினார். பொதுவுடைமையை அவர் கடுமையாக மறுத்தார் என்பதும் உண்மையே. ஆனால் அதற்கு மருந்தாகத் தொழிலாளியின் வாயை மூடச் சொல்லவில்லை. 1981-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 'லாபோரெம் எக்ஸர்சென்ஸ்' மடலில், இன்றைய தொழிற்சமுதாயத்தில் தொழிற்சங்கம் தவிர்க்க இயலாதது என்றார். அது யாருக்கும் எதிரான போர் அன்று, நீதிக்கான போராட்டம் என்றார். கட்சிகளின் பிடியில் சங்கம் சிக்கிவிடக்கூடாது என்றும் எச்சரித்தார். 2025 மே மாதம் தேர்வான திருத்தந்தை பதினான்காம் லியோ, தாம் அந்தப் பெயரைத் தேர்ந்ததற்குப் பதின்மூன்றாம் லியோவின் அந்த மடலையே முதன்மைக் காரணமாகச் சுட்டினார். ஆகவே, கோயிலுக்கு வரும் பிள்ளை சங்கத்தில் சேரலாமா என்ற கேள்விக்குத் திருச்சபையின் பதில் 130 ஆண்டுகளுக்கு மேலாக ஆயத்தமாகவே இருக்கிறது. அந்த ஞாயிறன்று நம் வாயில்தான் அது வரவில்லை. கொடியின் நிறத்தைப் பொறுத்தவரை, அந்த ஆலை வாயிலுக்கு நம் அமைப்புகளுள் ஒன்று முதலில் போயிருந்தால் அந்தத் தாய்க்கு இந்தச் சங்கடமே வந்திராது.

நம்மவர் சிலர் இவ்விடத்தில் திராட்சைத் தோட்ட உவமையை எடுத்து வைப்பார்கள். கடைசியாக வந்தவனுக்கும் முழுக் கூலி கொடுத்த அந்த நிலக்கிழார், முணுமுணுத்தவர்களிடம் தன் பொருளைத் தன் விருப்பப்படி கொடுக்கத் தனக்கு உரிமையில்லையா என்று கேட்கிறார் அல்லவா? தாராள மனமுள்ள முதலாளியிருந்தால் சங்கம் எதற்கு என்பது அவர்கள் வாதம். உவமை விண்ணரசைப் பற்றியது, கூலிச் சட்டத்தைப் பற்றியதன்று என்று சொல்லி நழுவிவிடலாம். ஆனால் கதையையே கவனித்தாலும், முதலில் வந்தவர்களோடு அவர் கூலியைப் பேசி உடன்பட்ட பிறகே வேலைக்கு அனுப்புகிறார். பேசிய கூலியில் ஒரு காசும் குறைக்கவில்லை. அதற்கு மேற்பட்டதுதான் அவருடைய கொடை. உரிமை நிறைவேறிய தரையின்மேல் நின்றுதான் அங்கே கொடை பேசுகிறது.

நாம் இதுவரை ஆலைகளைப் பற்றியே பேசினோம். அது வசதியாகவும் இருந்தது. நம்மிடமும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் இல்லங்களும் உள்ளன. அவற்றில் ஆசிரியரும் செவிலியரும் ஓட்டுநரும் ஆயாக்களும் உழைக்கிறார்கள். 1978-இல் உச்ச நீதிமன்றம், அறப்பணி நிறுவனங்களும் மருத்துவமனைகளும் கல்விக்கூடங்களும் 'தொழில்' என்ற சொல்லுக்குள் வரும் என்று விரிவாகப் பொருள் கூறியது. 1988-இல் கோவாவில் கன்னியர் சபை ஒன்று நடத்திய பள்ளியின் ஆசிரியை தொடுத்த வழக்கில், ஆசிரியர் 'தொழிலாளி' ஆகார் என்று தீர்ப்பாயிற்று. இப்போது வந்துள்ள புதிய தொகுப்போ, அறப்பணியில் முழுமையாகவோ பெருமளவிலோ ஈடுபட்டுள்ள அமைப்புகளின் நிறுவனங்களைத் 'தொழில்' என்பதற்கு வெளியே நிறுத்துகிறது. நம்மில் சிலர் இதைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டதை நாம் அறிவோம். சேவை என்ற சொல் அழகானது. ஆனால் சேவை செய்பவர் யார், சம்பளத்துக்கு உழைப்பவர் யார் என்ற வேறுபாட்டை அந்தச் சொல் சில வேளைகளில் மூடிவிடுகிறது. துறவற வாக்குக் கொடுத்தவர் எளிமையைத் தாமே தேர்ந்துகொண்டவர். அந்தக் கட்டடத்தையே பெருக்கித் துடைக்கும் ஆயா அதைத் தேர்ந்துகொண்டவர் அல்லர்.

இரண்டாண்டுகளுக்கு முன் நாம் உறுப்பினராயிருக்கும் ஒரு பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு கடிதம் வந்தது. ஆசிரியரல்லாத பணியாளர் பதினொருவர் கையெழுத்திட்டிருந்தனர், இருவருடையது கைந்நாட்டு. விடுமுறைக் காலத்துச் சம்பளம், வருங்கால வைப்புநிதி, இவற்றைப் பற்றித் தாங்கள் சேர்ந்து வந்து பேச நேரம் ஒதுக்கித் தர வேண்டும் என்பதே வேண்டுகோள். குழுவில் யாரும் கோபப்படவில்லை. எல்லாரும் நல்லவர்கள். "இதுக்கெல்லாம் எதுக்குக் கடிதம்? குறை இருக்கிறவங்க ஒவ்வொருத்தரா நேர்ல வந்து சொல்லலாமே, நாம யாரையும் தடுக்கிறதில்லையே" என்று ஒருவர் சொன்னார். அது சரியென்றே நமக்கும் அன்று பட்டது. அந்த ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஒவ்வொருவருக்கும் புடவையோ வேட்டியோ வழக்கத்தைவிட நல்லதாக எடுத்துக் கொடுத்தோம். அவர்களும் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார்கள். கடிதத்துக்கு மட்டும் இன்றுவரை பதில் போகவில்லை.

வருகிற கூட்டத்தின் பொருள்வரிசையில் அந்தக் கடிதத்தைச் சேர்க்கும்படியும், பதினொருவரையும் ஒரே நேரத்தில் அழைக்கும்படியும் தாளாளருக்குச் சென்ற வாரம் எழுதியிருக்கிறோம். அவர்களில் மூவர் இதற்கிடையில் வேலையை விட்டுப் போய்விட்டார்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள்.